பூட்டிக்கொண்ட தாடை

என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தது ஒரு நோய்க்காக. எனக்கு இருந்தது வேறு நோய். இந்த இரண்டுக்கும் நடுவில் நல்ல கடைவாய்ப்பல் ஒன்றையும், ப்ளஸ் டூ பரீட்சைக்கு முந்தைய மூன்று வாரங்களையும் இழந்தேன். பரீட்சையைக்கூட மன்னித்துவிட்டேன், பல் போனதில்தான் இன்னும் கோபம்.

நான்கு வருடம் கழித்து இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் ப்ளஸ் ஒன் படிக்கிற பெண் ஒருத்தி ஒரு மாதமாக யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. கேட்டால் அவள் அம்மா, "வயசு அப்புடி" என்று சொல்லிவிட்டுப் போகிறார். என் விஷயத்திலும் இப்படி ஒரு காரணம் எல்லாரிடமும் தயாராக இருந்தது. அதனால்தான் நான் சாகிற அளவுக்குப் போய் வந்தேன். அந்தப் பெண் இதைப் படிக்கட்டும், முடிந்தால் அவள் அம்மாவுக்கும் படித்துக் காட்டட்டும்.

பழவேற்காட்டு ஏரியில், கோட்டைக்குப்பத்தைத் தாண்டி எங்கள் ஊர். எங்களுக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது. தண்ணீரில் இறங்கி, குனிந்து, சேற்றைக் கையால் தடவித்தான் இறால் பிடிப்போம். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலையில் பின்னிய பை ஒன்று உண்டு, பறி என்போம். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியை வாயில்தான் கவ்விக்கொள்ள வேண்டும். பறி வாயில் இருந்தால் பேச முடியாது. நாலைந்து மணி நேரம் பத்துப் பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து நடப்போம், ஒரு வார்த்தை வராது. கரையேறியதும் எடை போடுகிற அவசரம், அப்புறம் அடுப்பு, அப்புறம் தூக்கம். எங்கள் ஊரில் ஒருத்தி பேசாமல் இருந்தால் அவள் நன்றாக வேலை செய்கிறாள் என்று அர்த்தம்.

அந்த வருடம் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. கடல் தண்ணீர் உள்ளே வராவிட்டால் இறாலும் வராது. நைனா, அதாவது என் அப்பா, ஆந்திரா பக்கம் ஒரு இறால் பண்ணையில் காவல் வேலைக்குப் போய்விட்டார். அம்மாவோடு நான் விடியற்காலையில் ஏரியில் இறங்கி, ஏழரைக்கு ஏறி, குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடுவேன். எங்கள் தெருவில் ப்ளஸ் டூ வரை வந்த முதல் ஆள் நான். பார்க்கிறவர்கள் எல்லாம், "உன்னதான்டி நம்பிக்கீறோம்" என்பார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் ஓடிப்போய்விடலாமா என்று இருக்கும்.

எனக்கு வந்ததைச் சோகம் என்று சொன்னால் சரியாக வராது. அழுகையே வரவில்லை. ஐப்பசி வாக்கில் தொடங்கியது என்று நினைக்கிறேன். முதலில் தூக்கம் போனது. பிறகு பசி. புத்தகத்தில் ஒரே வரியை ஏழு தடவை படிப்பேன், ஏழாவது தடவையும் அது புதிதாக இருக்கும். வீட்டில் இடமில்லை என்று டச்சுக்காரர் கல்லறைக்குப் போய் உட்கார்ந்து படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதன் வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கும். என் சினேகிதி ஷாகிரா, "இன்னும் ரெண்டு கிலோ எறங்குனின்னா உன்னியும் அங்க நிக்க வெச்சிரலாம்டி, டூரிஸ்டுங்க போட்டோ புடிப்பானுங்க" என்றாள். முன்பெல்லாம் இதற்கு அவள் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். அன்றைக்கு அவள் சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த நினைப்பு வந்தது. நான் இல்லாமல் போய்விட்டால் எல்லாருக்கும் சுலபமாக இருக்கும் என்ற நினைப்பு. முதலில் எப்போதாவது வந்தது. பிறகு தினமும் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடிப்பார்கள் என்று பயம் இல்லை. சொல்வதற்கு ஒரு நேரமே எங்கள் வீட்டில் இருக்கவில்லை.

பல்லைக் கடிக்க ஆரம்பித்தது எப்போது என்று எனக்கே தெரியாது. காலையில் எழுந்தால் காதோரம் தாடை விண்ணென்று வலிக்கும். அம்மாவிடம் சொன்னேன்.

"பறி வலிதான்டி அது. புதுசா எறங்குற எல்லாப் பொண்ணுங்களுக்கும் வர்றதுதான். உப்ப வறுத்து ஒத்தடம் குடு, பூடும்."

தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அதையேதான் சொன்னார்கள். எல்லாருக்கும் அந்த வலி வந்திருக்கிறது, எல்லாருக்கும் போயிருக்கிறது. நான் சாப்பிடாததும் பறி வலி, பேசாததும் பறி வலி, முகம் தொங்கியிருந்ததும் பறி வலி. ஊரே ஒரே நோயைத் தெரிந்துவைத்திருந்தால் இதுதான் சங்கடம். வலி போகவில்லை என்றதும் சந்தைப் பக்கம் பல் பிடுங்குகிற ஒருவரிடம் அம்மா கூட்டிப்போனாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்து, "இதோ, இவன்தான்" என்று ஒரு பல்லைக் காட்டினார். ஐந்து நிமிடத்தில் அது அவர் கையில் இருந்தது. சொத்தை என்று ஒரு புள்ளிகூட அதில் இல்லை. அவருக்கும் தெரிந்திருக்கும், உடனே குப்பையில் போட்டுவிட்டார்.

நான்கு நாள் கழித்துக் காலையில் எழுந்தேன், வாய் திறக்கவில்லை. ஒரு விரல்கூட நுழையாது. அம்மா கரண்டிக் காம்பால் நெம்பிப் பார்த்தாள். நான் வலியில் கத்தினேன். வாயைத் திறக்காமல் கத்தினால் வருகிற சத்தத்தைக் கேட்டு அவள் பயந்துவிட்டாள்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் இருந்த சின்ன டாக்டர் என் வாயைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். கை முழுக்கச் சிப்பி கிழித்த காயங்கள், அதில் ஒன்று பழுத்திருந்தது. அவர் முகம் மாறியது. "சேத்துல வேலை செய்றீங்களா?" என்றார். அடுத்த அரை மணி நேரத்தில் நான் சென்னைக்குப் போகிற ஆம்புலன்ஸில் இருந்தேன்.

அவர் சந்தேகப்பட்டது டெட்டனஸ். தமிழில் ரணஜன்னி என்பார்கள். மண்ணிலும் சேற்றிலும் இருக்கிற ஒரு கிருமி காயத்தின் வழியாக உள்ளே போய் ஒரு விஷத்தை உண்டாக்கும். அந்த விஷம் உடம்பின் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கும். பெரும்பாலும் தாடையில்தான் தொடங்கும். பிறகு கழுத்து, முதுகு, கடைசியில் மூச்சுவிடுகிற தசைகள். சின்ன சத்தமோ வெளிச்சமோ பட்டால்கூட உடம்பு வெட்டி இழுக்கும் என்பதால் நோயாளியை இருட்டில் வைப்பார்கள். இதையெல்லாம் அம்மாவிடம் ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டே என் பாதத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

சென்னையில் அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் தட்டையான குச்சி ஒன்றை என் பல்லிடுக்கில் நுழைத்துத் தொண்டையைத் தொட்டார். எனக்குக் குமட்டியது. "குமட்டுது" என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டார். ரணஜன்னி இருந்தால் குமட்டாமல் குச்சியைக் கடித்துக்கொள்வார்களாம். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட்டதும் நல்ல செய்தி என்றார். இருந்தாலும் இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல முடியும் என்று தனி வார்டில் போட்டார்கள். இந்த நோயை உறுதியாகச் சொல்ல ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை, காத்திருந்து பார்ப்பதுதான் பரிசோதனை.

அந்த அறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. யாரும் குரல் உயர்த்தக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு வருவார்கள். இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதல் நாள் எனக்கு அங்கே நிம்மதியாக இருந்தது. பரீட்சை இல்லை, ஏரி இல்லை, என்னை நம்பியிருக்கிற தெரு இல்லை. இந்த நோய் நிஜமாக இருந்துவிட்டால் நானாக எதுவும் செய்யாமலே எல்லாம் முடிந்துவிடும் என்று படுத்துக்கொண்டு நினைத்தேன். இருட்டில் அம்மா தன் முந்தானையைப் பாலில் நனைத்து என் பல்லிடுக்கில் சொட்டுச் சொட்டாகப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் பிழியப் பிழிய நான் விழுங்கினேன். இவள் இவ்வளவு பாடுபட்டு உள்ளே விடுகிற உயிரை நான் எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறேனே என்று தோன்றியது. அப்போது எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். என் மேலேயே கோபம். பல நாளுக்குப் பிறகு உள்ளே ஏதோ ஒன்று சூடாக அசைந்தது. இதை யாரிடமாவது சொல்லியே தீர வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

நைனா மறுநாள் பண்ணையிலிருந்து வந்துவிட்டார். பெண்கள் வார்டு என்பதால் உள்ளே விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார். அங்கிருந்து ஆயாக்கள் வழியாகச் செய்தி அனுப்புவார். "அப்பா டீ சாப்ட்டாராம், உன்னியும் சாப்டச் சொன்னாரு" என்று ஒரு ஆயா வந்து காதில் கிசுகிசுப்பார். வாயே திறக்காதவளுக்கு டீ.

மூன்றாம் நாள் பெரிய டாக்டர் வந்து ஜன்னல் துணியை விலக்கச் சொன்னார். ரணஜன்னி இல்லை, பொது வார்டுக்கு மாற்றிவிடலாம் என்றார். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. பல் பிடுங்கிய இடத்தில் சீழ் வைத்திருந்தது. அதற்கும் முன்பிருந்தே நான் இரவும் பகலும் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைத் தசைகள் களைத்து, சுருங்கி, இறுகிப்போயிருந்தன. இப்படி வாய் பூட்டிக்கொள்வதை ட்ரிஸ்மஸ் என்றார். நோய்க்குப் பெயர் வைத்ததும் பாதி பயம் போய்விடுகிறது, ஏனென்று தெரியவில்லை. "பொண்ணு ஏன் இப்படிக் கடிக்குதுன்னு பாக்கணும்" என்று மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார்.

அம்மாவுக்கு வந்ததே ஆத்திரம். "எம் பொண்ணு பைத்தியமா? இன்னா டாக்டர் பேசுறீங்க? பல்லுக்குத்தான வந்தோம்?"

"பல்லுக்கு வரலம்மா நீங்க. சாவுக்குப் பயந்து வந்தீங்க. இதையும் பாத்துட்டுப் போயிருங்க" என்றார் அவர். அம்மா சீட்டை வாங்கிக்கொண்டாள்.

மனநலப் பிரிவின் காத்திருப்பு வராந்தாவில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. யாரும் சங்கிலியில் இல்லை. டை கட்டிய ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு பெண், என் வயதில் இரண்டு பையன்கள், எல்லாரும் டோக்கனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மட்டும் முந்தானையைத் தலைக்குப் போர்த்திக்கொண்டு, எனக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லாததுபோல் இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்தாள். இரண்டரை மணி நேரம் ஆனது.

உள்ளே இருந்தது ஒரு பெண் டாக்டர். முதலில் அம்மாவிடம்தான் கேட்டார்.

"எப்பலேர்ந்து பேசாம இருக்கா?"

"அவ எப்பவும் பேசமாட்டாம்மா. நாங்க யாருமே பேசமாட்டோம். வாயில பறி இருக்கும்." அம்மா பறி என்றால் என்ன என்று விளக்கினாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"சரிம்மா. வீட்டுக்கு வந்த அப்புறம்?"

"வீட்டுக்கு வந்து..." என்று அம்மா தொடங்கினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கடைசியாக அவளிடம் வேலை தவிர வேறு என்ன பேசினேன் என்று அவள் தேடுவது எனக்குத் தெரிந்தது. நானும் தேடினேன்.

அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டாக்டர் என்னிடம் நேராகக் கேட்டார். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" யாரும் இவ்வளவு சாதாரணமாக அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. பல்லிடுக்கு வழியாக "ஆமா" என்றேன். அவர் பதறவில்லை. எத்தனை நாளாக, எப்போதெல்லாம், ஏதாவது செய்ய முயன்றாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் காற்றுப்போன குரலில் சொல்லிக்கொண்டே போனேன். எச்சில் வடிந்தது, துடைத்துக்கொண்டு சொன்னேன். இப்படிக் கேட்பதால் அந்த நினைப்பு வளராது, கேட்காமல் விட்டால்தான் வளரும் என்றார்.

மனச்சோர்வு என்று எழுதினார். எல்லாருக்கும் நாலு நாள் மனசு சரியில்லாமல் போவதுண்டு. அது வாரக்கணக்கில் நீடித்து, தூக்கம், பசி, படிப்பு, பிடித்த விஷயம் எல்லாவற்றையும் தின்றால் அது நோய். சோம்பேறித்தனம் இல்லை, திமிர் இல்லை, வயதுக் கோளாறும் இல்லை. மருந்து உண்டு, வாரா வாரம் உட்கார்ந்து பேசுகிற சிகிச்சையும் உண்டு. சாக வேண்டும் என்ற நினைப்பை அம்மாவிடம் மறைக்க முடியாது, நீயே சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். நாளைக்குள், என்று கெடு வைத்தார்.

தாடைக்கு வேறு வைத்தியம். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் நுழைத்துச் சற்று நேரம் வைத்திருக்க வேண்டும், தினமும் ஒரு குச்சி கூட்ட வேண்டும். முதல் நாள் ஐந்து குச்சிகள் நுழைந்தன. இருபதைத் தொட வேண்டும். குச்சிகளை ஆஸ்பத்திரியிலேயே தருவார்கள். ஆனால் ஆயா போய் நைனாவிடம், "ஐஸ் குச்சி வேணுமாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மாலையில் காகிதத்தில் சுற்றிய பதினோரு குச்சிகள் வந்தன. மாசிப் பனியில், இருமலோடு, பதினோரு ஐஸையும் அவரே சாப்பிட்டிருக்கிறார். குச்சிகளைக் குழாயில் கழுவித் துண்டில் துடைத்து வேறு அனுப்பியிருந்தார். அந்த இடத்தில்தான் எனக்கு முதல் அழுகை வந்தது. வந்தது நிற்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள்.

மறுநாள் ஆறு குச்சிகளை எடுத்த பிறகு, வாய் கொஞ்சம் தளர்ந்திருந்தபோது, அம்மாவிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு மாசமா செத்துடலாம்னு இருந்துச்சும்மா."

அவள் அழுவாள், அடிப்பாள், உனக்கு என்ன குறை வைத்தேன் என்று கேட்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவள் என்னைத் திருப்பி உட்காரவைத்து, சிக்கெடுத்துத் தலை பின்னினாள். முடித்துவிட்டு, "இப்பவும் இருக்கா?" என்றாள். "கொஞ்சம் இருக்கு" என்றேன். "இருந்தா இருக்குன்னு சொல்லு. தெனமும் கேப்பேன். ஏன்னு கேக்கமாட்டேன்" என்றாள். அவ்வளவுதானா என்று அன்றைக்கு எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மொத்தம் பதினேழு நாள் அங்கே இருந்தேன். ஷாகிரா இயற்பியல் பாடத்தைத் தானே வாசித்து ஆடியோவாக அனுப்பினாள், நடுநடுவே அவள் தன் அத்தாவை, அதாவது அப்பாவை, திட்டுவதும் பதிவாகியிருக்கும். மாத்திரை முதல் இரண்டு வாரம் ஒன்றும் செய்யவில்லை, வாய்தான் வறண்டது. விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. மனநல டாக்டர், "பஸ் வர லேட்டானா நடந்தே சென்னை வருவியா? உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் விடியும் வரை தூங்கினேன்.

எங்கள் தெருப் பெண்ணே, இது உனக்கு. மனசைத் திடப்படுத்திக்கொள் என்று உன்னிடம் நூறு பேர் சொல்வார்கள். அவர்களுக்குத் தலையாட்டிவிட்டு, ஒரே ஒரு ஆளிடம் உள்ளதைச் சொல். முதல் ஆள் சரியாகக் கேட்காவிட்டால் அடுத்த ஆளிடம் போ. நல்லாயிருக்கேன் என்று மட்டும் சொல்லாதே. எழுந்திருக்க முடியாத நாளில் முகம் கழுவுவதே அன்றைய வேலை என்று வைத்துக்கொள். எனக்கு அப்படிப்பட்ட நாட்கள் பிறகும் வந்தன. இயற்பியலில் தோற்றேன், துணைத்தேர்வில் தேறினேன். ஏரியிலும் இறங்கினேன். அம்மா அரை மணிக்கு ஒருமுறை பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அடியே, இருக்கியா?" என்று கூப்பிடுவாள். நானும் பறியை எடுத்துவிட்டு, "கீறேன்" என்று கத்துவேன். மற்ற பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் தங்கள் பெண்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்களால் இறால் கொஞ்சம் மிரண்டிருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை போய்வந்தோம். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா, "பல்லு ஆஸ்பத்திரி" என்றுதான் சொல்வாள். வராந்தாவில் முந்தானை தலையில்தான் இருக்கும். பெஞ்ச் தூரம் மட்டும் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தது.

ஐந்தாவது தடவை சீட்டு வாங்கும் ஜன்னலில் என் பழைய சீட்டைக் கொடுத்து டோக்கன் வாங்கினேன். அம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை.

"இன்னும் இன்னாமா?" என்றார் உள்ளே இருந்தவர்.

"இன்னொரு சீட்டு போடுப்பா. புதுசு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"பேரு?"

"கன்னியம்மா."

"வயசு?"

"முப்பத்தெட்டு."

"இன்னா பண்ணுது?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தலையிலிருந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பின்னால் வரிசையில் நின்றவர்கள் காதிலும் விழும்படி சொன்னாள்.

"எம் பொண்ணுக்கு இருந்துச்சே, அதேதான். எனக்குப் பதினோரு வருசமா கீது."

நான் போய்ப் பெஞ்சில் இரண்டு பேருக்கும் சேர்த்து இடம் பிடித்தேன்.